வாயை மட்டும் அசைத்தால் போதும்

பிப்ரவரி 20, வியாழன்.

இன்றைய தவறு: கடைசி ஒத்திகையில் மேல் வரி வரும் இடத்தில் வாயைக் கொஞ்சம் முன்னதாகவே திறந்துவிட்டேன். சத்தம் எதுவும் வராததால் யாரும் கவனிக்கவில்லை. இருந்தாலும் தவறு தவறுதான்.

இன்றைய ஐயம்: சத்தமே வராத வாய் தாளம் தப்பினால் அது தப்பிதமா, இல்லையா?

நாளைய வேலை: கறுப்பு உடைக்கு இஸ்திரி போடுவது. கண்ணாடி முன்னால் இன்னொரு முறை பயிற்சி. அக்காவிடம் மூச்சு விடக் கூடாது.

இதை எழுதி முடித்துப் பேனாவை மூடியவளுக்குச் சேர்ந்திசைக் குழுவில் டோக்கன் என்று பெயர். பகல் முழுவதும் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்துகொண்டு, "பன்னிரண்டு வாங்க, பதின்மூன்று ரெடியா இருங்க" என்று கூப்பிடுவது அவள் வேலை. சாயங்காலம் ஆனால் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு. பகல் வகுப்புக்காரர்களுக்கு மாலை வகுப்புக்காரர்கள் என்றால் ஒண்டுக்குடித்தனம் வந்தவர்கள் மாதிரி. அவர்கள் எழுந்துபோன நாற்காலியில், அவர்கள் அழிக்காமல் விட்டுப்போன கரும்பலகைக்கு எதிரே இவர்கள் உட்கார வேண்டும்.

மொழி வகுப்பு ஆசிரியை எல்லோரையும் தினமும் சில வரிகள் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் ஒரு வாரத்திலேயே அதைக் கைகழுவிவிட்டார்கள். டோக்கன் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. தவறு, ஐயம், நாளைய வேலை என்று மூன்று தலைப்பு போட்டுக்கொண்டாள். ஐயத்துக்கு மட்டும் எப்போதும் இடம் போதாது. "நான் எழுதுவது நாட்குறிப்புத்தானா?" என்பதே ஒருநாள் ஐயமாக இருந்தது.

அப்படிப்பட்டவள் சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்ததே ஒரு அதிசயம். மாலை வகுப்புக்காரர்களும் சேரலாம் என்று அந்த வருடம்தான் முதல் தடவையாக அறிவிப்பு ஒட்டினார்கள். அறிவிப்பை மூன்று தடவை படித்துவிட்டு, தனக்காக ஒட்டியதாக இருக்காது என்று வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காதான் விடவில்லை. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தபோது தங்கையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தவள் அக்கா. பாத்திரம் தேய்க்கும்போது இவள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, இவளிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். இவள் குழுவில் சேர்ந்த அன்றைக்கே அந்தத் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது.

குழுவை நடத்துபவர் பல்கலைக்கழகத்தின் ஒரே இசை ஆசிரியர். அவருக்குப் 'பரவாயில்லை சார்' என்று பெயர் வந்து வெகுகாலம் ஆயிற்று. நன்றாகப் பாடினால் பரவாயில்லை என்பார். காது கிழிகிற மாதிரி பாடினாலும் அதே பரவாயில்லைதான். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் எந்தப் பரவாயில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். யார் மனமும் நோகக் கூடாது என்பதில் மனிதர் அவ்வளவு குறியாக இருப்பார். பாடகர்களுக்குப் பக்கத்தில் நின்று அவரும் சேர்ந்து பாடுவார். ஆண்கள் பாடும்போது அடிக்குரலில், பெண்கள் பாடும்போது கள்ளக்குரலில், கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாக.

இந்த வருடத்து நிகழ்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட புதுப் பாட்டு, இயற்பியல் பேராசிரியர் எழுதிய கவிதை. அதில், சாயங்காலம் கட்டடத்தைப் பூட்ட வரும் காவல்காரர் மாடிப்படியடியில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுக்கிறார். ஆண்கள் கீழ்க்குரலில், 'மேலே யாரும் உண்டா?' என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு தடவையும் பியானோ மட்டும் ஏதோ முணுமுணுக்கும். மூன்றாவது தடவை கேட்கும்போது, மேல்குரல் பெண்கள் ஆறு பேரும் உச்சியிலிருந்து பதில் சொல்ல வேண்டும்: 'இருக்கிறேன், இருக்கிறேன், விளக்கை அணைக்காதே.' அதைக் கேட்ட பிறகு ஆண்கள், 'சரி, விளக்கு இருக்கட்டும்' என்று முடிப்பார்கள்.

மேல் வரி என்று எல்லோரும் சொன்னது அந்தப் பதிலைத்தான். ஏணி போட்டாலும் எட்டாத உயரத்தில் அதற்கு மெட்டுப் போட்டிருந்தார் பரவாயில்லை சார்.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் அவர் டோக்கனைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டார். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கா சௌக்கியமா என்றார். மழை வருமோ என்று ஜன்னலைப் பார்த்தார். இவ்வளவு சுற்றி வளைத்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மேல் வரி இருக்கு பாருங்க, அந்த இடத்துல மட்டும் நீங்க வாயை அசைச்சாப் போதும். மத்தவங்க பாடிக்குவாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பச்சைத் தாள் சுற்றிய தொண்டை மிட்டாய் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

டோக்கன் அழவில்லை. மிட்டாயைத் தின்றுகொண்டே பேருந்துக்கு நடந்தாள். தான் பாடகி இல்லை, குழுவில் ஆள் கணக்குக்கு நிற்கும் விளக்குக் கம்பம் என்பது தீர்ப்பாகிவிட்டதாக நினைத்தாள். நிகழ்ச்சி முடிகிற வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இல்லை, வாயை மட்டும் திறந்துகொண்டு இருந்துவிட்டு, பிறகு நைசாகக் கழன்றுகொள்வது என்று முடிவு செய்தாள். அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்வது அவள் ரத்தத்திலேயே கிடையாது. வாயசைப்புத்தான் தன் பங்கு என்றால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமே. 'இருக்கிறேன்' என்பதற்கு உதடு எப்படி விரிய வேண்டும், 'விளக்கை' என்னும்போது கண்ணில் எவ்வளவு ஏக்கம் தெரிய வேண்டும் என்றெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார் மாமா. அக்காவின் கணவர். மின்விசிறிக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர், சும்மா இருக்கிற வாய் அவருடையது இல்லை.

"ஏன்மா, ஊரெல்லாம் பல்லு காட்ட உங்க ஆஸ்பத்திரிக்கு வருது. நீ என்னடான்னா வீட்டுக் கண்ணாடிக்குப் பல்லு காட்டுற" என்றார்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். நோயாளிகள் இல்லாத நேரத்தில் மேசைக்குப் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தவளை அந்த வழியாக வந்த டாக்டரம்மா பார்த்தார். பழக்க தோஷம், டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்துவிட்டார். கீழ்வரிசையில் ஒன்று சொத்தை. மறுநாளே அடைத்தும் விட்டார். பாட்டினால் டோக்கனுக்குக் கிடைத்த முதல் பலன் அந்தப் பல்லடைப்பு.

'பாட்டும் படைப்பும்' என்பது அந்த விழாவுக்குப் பெயர். வெள்ளி, சனி என்று இரண்டு சாயங்காலம். அரங்குக்குப் போகும் நடைவழி முழுக்க மாணவர்கள், ஆசிரியர்களின் கைவேலைகளையும் ஆய்வுகளையும் வைத்திருந்தார்கள். களிமண் தலைகள் ஒரு பக்கம், புழுவுக்கு வெளிச்சம் பிடிக்குமா என்ற ஆராய்ச்சிப் படங்கள் ஒரு பக்கம். கணிதத் துறைத் தலைவர் வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்றும் இருந்தது. அதைத் தலைகீழாக மாட்டியிருந்ததை அவர் தவிர யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

அரங்குக்குள்ளே ஒரு பாட்டு, பிறகு ஒரு ஆய்வுப் பேச்சு, பிறகு ஒரு பாட்டு, பிறகு ஒரு கவிதை என்று மாற்றி மாற்றி வரும். பேச்சுக்கு ஐந்து நிமிடம். ஐந்தாவது நிமிடம் மணி அடிக்கும். மணி அடித்த பிறகுதான் பேராசிரியர்கள் விஷயத்துக்கே வருவார்கள். அதுவரைக்கும் சேர்ந்திசைக் குழு மேடையிலேயே படிவரிசைகளில் நின்று, சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், காய்ந்த சேறு எப்படி வெடிக்கிறது என்று ஒரு மாணவி படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நின்ற வணிகவியல் ஆசிரியர் நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

டோக்கன் கூட்டத்தில் அக்காவைத் தேடினாள். நான்காவது வரிசை ஓரத்தில் அக்கா, பக்கத்தில் மாமா. அக்கா கழுத்தை நீட்டி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாட்டு விளக்குப் பாட்டு. அன்று மதியம் பரவாயில்லை சாருக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்திருந்தது. மேல் வரி வரும்போது பியானோ வேண்டாம், குரல்கள் மட்டும் தனியாக நிற்கட்டும் என்று பியானோ வாசிக்கிறவரிடம் சொல்லிவிட்டார். சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடத்துகிறவர் பாடினால் நன்றாக இருக்காது என்பதால், மேடையில் அவரும் உதட்டை மட்டும்தான் அசைப்பார். அது வழக்கம்.

ஆண்கள் ஒரு தடவை கேட்டார்கள். பியானோ முணுமுணுத்தது. இரண்டாவது தடவை கேட்டார்கள். மறுபடி முணுமுணுத்தது. மூன்றாவது தடவை, 'மேலே யாரும் உண்டா?' என்ற கேள்வி கூரை வரைக்கும் போய் நின்றது. பரவாயில்லை சார் இரண்டு கையையும் உயர்த்தினார். டோக்கன் வாயைத் திறந்தாள். சரியான இடத்தில், ஒரு இம்மி முன்னே பின்னே இல்லாமல். இன்றைக்குத் தப்பு பண்ணவில்லை என்று ஒரு கணம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த கணம்தான் அது உறைத்தது. எந்தச் சத்தமும் இல்லை.

கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஆறு வாய்களும் திறந்திருந்தன. ஆறு முகங்களிலும் உருக்கம் வழிந்தது. எதிரே ஏழாவதாகப் பரவாயில்லை சாரின் வாயும் அழகாக அசைந்துகொண்டிருந்தது. அரங்கத்தில் குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும். பாடிவிடலாமா என்று டோக்கன் நினைத்தாள். பாடக் கூடாது என்று சொல்லப்பட்டவள் பாடினால் குறுக்கே விழுந்த மாதிரி ஆகிவிடாதா என்றும் நினைத்தாள். அவள் இரண்டு பக்கமும் யோசித்து முடிப்பதற்குள் வரியே முடிந்துவிட்டது. பதில் வந்ததாகவே வைத்துக்கொண்டு ஆண்கள், 'சரி, விளக்கு இருக்கட்டும்' என்று பாடி முடித்தார்கள். பாவம், அவர்கள் வேறு என்ன செய்வார்கள்.

பிறகு கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இலக்கியத் துறைத் தலைவி எழுந்தே நின்றுவிட்டார். பதில் வராத அந்த இடத்தில் தனக்கு உடம்பு சிலிர்த்துப் போனதாக, பக்கத்திலிருந்தவர்களிடம் சத்தமாகவே சொன்னார்.

மூன்றாம் மாடியில் பாறைத் துண்டுகள் அடுக்கிய ஒரு வகுப்பறைதான் பாடகர்கள் உடை மாற்றும் இடம். ஆறு பெண்களும் படியேறி வந்து, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். முதலில் வாயைத் திறந்தது சட்டம் படிக்கும் பெண். குழுவில் அவளை வக்கீலம்மா என்று கூப்பிடுவார்கள்.

பாடாமல் விட்டது யார் என்று அவள் குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள். தாவரவியல் மேடம் உடனே, தான் வாயைத் திறந்ததை முன்வரிசையே பார்த்தது என்றார். நூலகத்தில் வேலை செய்யும் அக்காவும் அதையேதான் சொன்னார். எந்நேரமும் சேர்ந்தே திரியும் இரண்டு மாணவிகள் உண்டு, அவர்களுக்கு ஜோடி என்று பெயர். அவர்களும் சேர்ந்தே தலையாட்டினார்கள். யார் சொன்னதும் பொய் இல்லை.

டோக்கனுக்குக் காது சூடாயிற்று. அந்த நிசப்தம் முழுக்கத் தன் தலையில்தான் விழப்போகிறது என்று தோன்றியது. எப்படியும் விலகப்போகிறோம், உண்மையைச் சொல்லிவிட்டே விலகலாம் என்று எழுந்து நின்றாள்.

"நானும் வாயைத் திறந்தேன். ஆனா பாடலை. என்னை வாய் மட்டும் அசைச்சாப் போதும்னு சார் சொல்லியிருக்கார்."

நூலக அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மிட்டாய் குடுத்தாரா?"

"குடுத்தார்."

"பச்சைத் தாளா?"

டோக்கன் தலையாட்டினாள். நூலக அக்கா கைப்பையைத் திறந்து, பச்சைத் தாள் சுற்றிய மிட்டாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தின்ன மனசு வரவில்லை என்றார். தாவரவியல் மேடம் தன்னுடையதை அன்றைக்கே தின்றுவிட்டதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஜோடிக்குள்தான் சண்டை மூண்டது.

"என்கிட்டயே சொல்லலையேடி நீ."

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

இந்த நேரம் பார்த்துப் பரவாயில்லை சார் உள்ளே வந்தார். வரும்போதே பாராட்டு மழையில் நனைந்து வந்தவர் மாதிரி இருந்தார். இலக்கியத் துறைத் தலைவி என்ன சொன்னார், துணைவேந்தர் கையைப் பிடித்து எப்படிக் குலுக்கினார் என்று மூச்சுவிடாமல் சொன்னார். யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். வக்கீலம்மா எழுந்தாள்.

"சார், மேல் வரிக்கு எத்தனை பேரை வெச்சிருந்தீங்க?"

"ஆறு பேர்."

"அதுல எத்தனை பேருக்கு மிட்டாய் குடுத்தீங்க?"

பரவாயில்லை சார் விரலை மடக்க ஆரம்பித்தார். முதல் கை முடிந்தது. அடுத்த கையின் கட்டை விரலை மடக்கியவர் அதை நிமிர்த்தவே இல்லை.

ஒரே நாளில் சொல்லவில்லையாம். ஒருத்தி குரல் சறுக்குகிறது என்று ஒரு வாரம், இன்னொருத்தி குரல் மூக்கால் வருகிறது என்று வேறொரு வாரம், மற்றவர்கள்தான் இருக்கிறார்களே என்ற தைரியத்தில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ஒத்திகையில் அவருடைய கள்ளக்குரலும் பியானோவும் சேர்ந்து அந்த வரியை நிரப்பிவிட்டதால், மேலே ஆள் காலியானதை அவரே கவனிக்கவில்லை. இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்துச் சொன்ன விதத்தில், ஆறு பேருக்கும் அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

கடைசியில் தலையை நிமிர்த்தி, கொஞ்சம் ஆசையோடு, எல்லோரும்தான் ரசித்துவிட்டார்களே, நாளைக்கும் இப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டார். ஜோடி உடனே சரி என்றது. டோக்கனுக்கு ஒரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. இன்னொரு பக்கம், இனி வாழ்நாள் முழுக்கத் தனக்கு அந்த வரியைப் பாட வருமா வராதா என்று தெரியாமலே போய்விடுமே என்றும் இருந்தது.

கதவருகே யாரோ செருமினார்கள். காகிதக் குவளையில் தேநீரோடு இயற்பியல் பேராசிரியர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பதிலே சொல்லாமல் கவிதையை முடித்த துணிச்சலுக்காக, கீழே இதுவரை நாலைந்து பேர் தன்னைப் பாராட்டியதாகச் சொன்னார். சொல்லும்போது முகம் கடுக்காய் தின்ற மாதிரி இருந்தது.

"மேல் மாடியில இருந்தது நான்தாங்க. வாட்ச்மேன் கூப்பிட்டார், இருக்கேன்னு சொன்னேன். அதனாலதான் வீட்டுக்குப் போனேன். நீங்க இன்னைக்கு என்னை உள்ளே வெச்சுப் பூட்டிட்டீங்க."

அதற்குப் பிறகு விட்டுவிடலாம் என்ற பேச்சே எழவில்லை. பரவாயில்லை சார் பழக்கத்தில், ஒவ்வொருவராக ஒரு தடவை பாடுங்கள் என்றார்.

"தனியா வேண்டாம் சார். தனித்தனியா கேட்டுத்தான் இந்த நிலைமை" என்றாள் வக்கீலம்மா.

சரி, சேர்ந்தே பாடட்டும் என்று கையை உயர்த்தினார். ஆறு வாய்களும் திறந்தன. ஒவ்வொருத்தியும் மற்றவள் தொடங்கட்டும் என்று காத்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி கையை உயர்த்தினார். இந்த முறை காற்று மாதிரி ஏதோ வந்தது. இவ்வளவு நாள் வாயசைத்து வாயசைத்து, சத்தம் போடுவதே மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் கீழே மாடிப்படியடியிலிருந்து குரல் வந்தது.

"மேலே யாராவது இருக்கீங்களா?"

கட்டடத்தைப் பூட்டுகிற நேரம். நிஜமான காவல்காரர். அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது சொல்வார்கள் என்று தாவரவியல் மேடம் நினைத்தார். யாராவது சொல்வார்கள் என்று ஜோடியும் நினைத்தது. பேராசிரியர் வேண்டுமென்றே தேநீரை உறிஞ்சினார். டப்பென்று விளக்கு அணைந்தது. மாடி முழுக்கக் கும்மிருட்டு.

டோக்கன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் அவள் செய்த காரியங்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். காத்திருப்போர் கூடத்தின் கடைசி நாற்காலியில் காது மந்தமான பெரியவர் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கூப்பிடுவாளோ, அப்படிக் கூப்பிட்டாள்.

"இருக்கோம்! இருக்கோம்! விளக்கை அணைக்காதீங்க!"

பாறைத் துண்டுகள் இருந்த கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. குரல் படிக்கட்டில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது. இருட்டில் பேராசிரியர் சிரிப்பது கேட்டது. விளக்கு வந்தது.

"இருக்கிறவங்க முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று காவல்காரர் கீழேயிருந்து திட்டிவிட்டுப் போனார்.

பரவாயில்லை சார் டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

"இந்தக் குரலை எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில சார்."

டோக்கன் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, மற்றவர்களை அமுக்கிவிடும் என்று பயந்துதான் அவளுக்கு மிட்டாய் கொடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். இப்போது அமுக்குவதற்கு அங்கே வேறு குரலே இல்லை என்று வக்கீலம்மா எடுத்துக் கொடுத்தாள். சார் டோக்கனை முதலில் தொடங்கச் சொன்னார். அவள் தொடங்கினாள். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்து பேரும் ஏறினார்கள். நூலக அக்காவின் குரல் கொஞ்சம் சறுக்கியது, சறுக்கிய இடத்தை ஜோடி நிரப்பியது. தாவரவியல் மேடத்தின் மூக்குக் குரல் நடுவில் எங்கோ கரைந்துபோனது. டோக்கன் கடைசிச் சொல்லை வெடுக்கென்று நிறுத்திவிட்டாள். அழகாக இருந்தது என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மேலே ஆள் இருக்கிறது என்பது தெரிந்தது.

"இன்னொரு தடவை" என்றார் சார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று படியிறங்கும்போது ஆறு பேரும் விவாதித்துக்கொண்டே வந்தார்கள்.

வாசல் பெஞ்சில் அக்காவும் மாமாவும் காத்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது மாமா நிகழ்ச்சியை அலசினார். சேறு வெடிப்பதைப் பற்றிய பேச்சு நன்றாக இருந்தது என்றார். பிறகு கொழுந்தியாளுக்கு மனம் குளிரட்டும் என்று சேர்த்துக்கொண்டார்.

"அந்தக் கடைசிப் பாட்டுல உச்சத்துக்குப் போவீங்களே, அங்க உன் குரல்தான் தனியாத் தெரிஞ்சுது. கண்ணை மூடிக் கேட்டேன்."

"கண்ணை மூடினது தெரியும். கேட்டதுதான் தெரியலை" என்றாள் அக்கா.

டோக்கன் நின்றாள். இத்தனை நாளாக உள்ளே கிடந்ததை நடுத்தெருவில் கொட்டினாள். அந்த இடத்தில் யாருமே பாடவில்லை என்றாள். தன்னைப் பாட வேண்டாம் என்று சொல்லியிருந்ததையும், அதற்காகத்தான் கண்ணாடி முன்னால் நின்றதையும், நிகழ்ச்சி முடிந்ததும் விலகிவிட நினைத்ததையும் சொன்னாள். மாமா சிரிக்கலாமா கூடாதா என்று அக்கா முகத்தைப் பார்த்தார்.

அக்கா அசரவில்லை.

"நீ பாடலைன்னு எனக்கு அப்பவே தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது பாடுவியே, அப்ப உன் இடது புருவம் மேல போகும். இன்னைக்குப் போகலை."

டோக்கன் தன்னையறியாமல் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று வாயசைத்தும் அது அவள் கண்ணில் பட்டதில்லை. நாளைக்குப் பாடச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வருமா என்று தெரியவில்லை என்றாள்.

"நாளைக்கும் வர்றோம். முன்வரிசையில உக்காந்து புருவத்தைப் பாக்குறேன்" என்றாள் அக்கா. இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே கேட்பதாக மாமா வாக்குக் கொடுத்தார். பேருந்து வந்ததும், ஆளில்லாத இருக்கையைப் பிடிக்க அவர்தான் முதலில் ஓடினார்.

பிப்ரவரி 21, வெள்ளி.

இன்றைய தவறு: மேடையில் பாட வேண்டிய இடத்தில் பாடவில்லை. பாடக் கூடாத இடத்தில், படிக்கட்டு அதிரக் கத்தினேன்.

இன்றைய ஐயம்: கத்தியதும் பாடியதும் ஒன்றுதானா? சாரிடம் கேட்டால் பரவாயில்லை என்பார். கேட்கப் போவதில்லை.

நாளைய வேலை: மருத்துவமனை மதியம் வரை. அங்கே டோக்கனை மெதுவாகக் கூப்பிட்டுத் தொண்டையைக் காப்பாற்றுவது. நாலு மணிக்கு மூன்றாம் மாடியில் ஒத்திகை. சாயங்காலம், ஆண்கள் மூன்றாவது தடவை கேட்டதும் மேல் வரியை நான் முதலில் தொடங்குவது. கடைசிச் சொல்லை வெடுக்கென்று நிறுத்தாமல் இழுப்பது.